காம்பியாவில் பறவை நோக்கல் சுற்றுலா

காம்பியாவில் பறவை நோக்கல் சுற்றுலா என்பது, மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவுக்குப் பறவைகளைக் காண்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு மேற்கொள்ளப்படும் விடுமுறைப் பயணங்களைக் குறிக்கும். காம்பியா ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மிகச் சிறிய நாடு ஆகும். இதன் பரப்பளவு ஏறத்தாழ 11,300 சதுர கிமீ மட்டுமே. ஆயினும் இங்கு 550க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. ஐரோப்பாவிலிருந்து, குறிப்பாகப் பிரித்தானியாவிலிருந்து, ஆண்டுதோறும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்தில் பறவை நோக்கர்கள் இங்கு வருகின்றனர். உள்ளூர் வழிகாட்டிகள், படகோட்டிகள், சிறு விடுதிகள், ஊர்ப் பொதுக்காடுகள் ஆகியவற்றின் வருவாய் இச்சுற்றுலாவைச் சார்ந்துள்ளது. அதனால் இந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புடனும் இது நெருங்கிய தொடர்பு கொண்டது.

புவியியல் பின்னணி

காம்பியா நாடு முழுவதும் ஓர் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த ஒடுங்கிய நிலப்பட்டை ஆகும். கிழக்கு மேற்காக இதன் நீளம் சுமார் 320 கிமீ. வடக்குத் தெற்காக இதன் அகலம் எந்த இடத்திலும் 50 கிமீயைத் தாண்டுவதில்லை. மேற்கே அத்திலாந்திக் பெருங்கடலும் மற்ற மூன்று பக்கங்களிலும் செனிகல் நாடும் எல்லைகளாக உள்ளன. பிரித்தானியாவும் பிரான்சும் 1889ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவாக இந்த எல்லைகள் உருவாயின.

காம்பியா ஆறு கினி நாட்டின் பூத்தா ஜலோன் மேட்டுநிலத்தில் தோன்றி, செனிகல் வழியாகப் பாய்ந்து, தலைநகரான பஞ்சுலுக்கு அருகே கடலில் கலக்கின்றது. இதன் மொத்த நீளம் ஏறத்தாழ 1,120 கிமீ ஆகும். காம்பியாவுக்குள் ஆற்றின் சரிவு மிகக் குறைவு. எனவே கடலின் ஏற்ற இறக்கம் உள்நாட்டில் வெகுதூரம் வரை உணரப்படுகின்றது. உலர்காலத்தின் இறுதியில் உப்புநீர் ஆற்றில் 200 கிமீக்கும் அப்பால் ஏறிச் செல்கின்றது. மழைக்காலத்தில் மேலிருந்து வரும் வெள்ளம் அதனை மீண்டும் கீழே தள்ளிவிடுகின்றது.

நாட்டின் பறவை வளத்துக்கு இந்த நீரமைப்பே அடிப்படைக் காரணம் ஆகும். ஆற்றின் கீழ்ப்பகுதியில் உப்புநீரைத் தாங்கும் அலையாத்திக் காடுகள் (கண்டல்) உள்ளன. நடுப்பகுதியில் நன்னீர்ச் சதுப்புகளும் நெல்வயல்களும், மேற்பகுதியில் செங்குத்தான மண்கரைகளும் மணல்திட்டுகளும் காணப்படுகின்றன. கரையை விட்டு விலகினால் உலர்ந்த சவன்னாப் புல்வெளியும், கடலோரத்தில் எஞ்சியுள்ள சிறு மழைக்காட்டுத் துண்டுகளும் உண்டு. இவை அனைத்தும் ஒரே சாலையில் இரண்டு அல்லது மூன்று நாள் பயணத்தில் அடங்கிவிடுகின்றன. மற்ற ஆப்பிரிக்க நாடுகளில் இத்தகைய வேறுபட்ட வாழிடங்களைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கும்.

பருவங்கள்

காம்பியாவில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். நவம்பர் முதல் மே வரை உலர்காலம். சகாராவிலிருந்து வீசும் அர்மத்தான் என்னும் வறண்ட காற்று டிசம்பர் முதல் பெப்ரவரி வரை அவ்வப்போது புழுதியைக் கொண்டுவரும்.

ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் பறவைகள் பல குளிர்காலத்தைக் கழிக்க இங்கு வருகின்றன. விரால் அடிப்பான், பலவகை உள்ளான்கள், மூக்கன்கள், கதிர்க்குருவிகள் ஆகியவை இவற்றுள் அடங்கும். அதே மாதங்களில் நீர்நிலைகள் வற்றத் தொடங்குவதால் உள்நாட்டுப் பறவைகளும் எஞ்சிய நீரருகே கூடுகின்றன. ஆகவே பறவை நோக்கலுக்கு இது மிகவும் ஏற்ற காலம் ஆகும்.

மழைக்காலத்தில் வருவோர் குறைவு. ஆனால் தூக்கணாங்குருவி இனங்கள், விதவைக்குருவிகள் போன்ற பறவைகள் தமது இனப்பெருக்கக் கால நிறங்களுடன் காணப்படுவது அப்பருவத்திலேயே ஆகும்.

வரலாறு

காம்பியா 1965 பெப்ரவரி 18 அன்று விடுதலை பெற்றது. அதே ஆண்டில் பெர்ட்டில் ஆர்டிங் என்னும் சுவீடன் நாட்டவர் ஏறத்தாழ 300 பயணிகளை இங்கு அழைத்து வந்தார். இதுவே நாட்டின் சுற்றுலாத் தொழிலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. கடலோர விடுதிப் பகுதி வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை இன்றும் அவர் பெயரால் வழங்கப்படுகின்றது.

பறவை நோக்கலுக்கு அடித்தளமான முதல் காப்பகம் அதற்குச் சில ஆண்டுகளில் உருவானது. லாமின் ஊருக்கு அருகிலுள்ள ஓடையும் அதனைச் சூழ்ந்த காடும் 1916 முதல் குடிநீர் ஆதாரமாக வேலியிட்டுப் பாதுகாக்கப்பட்டு வந்தன. 1967இல், தம் பன்றிகளைச் சிறுத்தை ஒன்று கொல்வதாக அப்பகுதி மனிதர் ஒருவர் முறையிட்டார். சிறுத்தையைத் தேடி வேலிக்குள் சென்ற வனத்துறை அதிகாரி எடி புரூவர், சுற்றுப்புறங்களில் அழிந்துபோன காடு அங்கு மட்டும் எஞ்சியிருப்பதைக் கண்டார். அவருடைய முயற்சியால் 1968இல் அபுக்கோ இயற்கைக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 1977இல் அன்றைய குடியரசுத் தலைவர் தாவ்தா ஜவாரா நாட்டின் காட்டுயிர்களைக் காப்பது பற்றிய பஞ்சுல் சாற்றுரையை வெளியிட்டார்.

கிளைவ் பார்லோ, டிம் வாச்சர், டோனி டிஸ்லி ஆகியோர் காம்பியா, செனிகல் நாடுகளின் பறவைகளுக்கான களக் கையேட்டை 1997இல் வெளியிட்டனர். இது வெளிநாட்டுப் பயணிகளுக்கு மட்டுமன்றி உள்ளூர் இளைஞர்கள் பறவைகளை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளவும் பெரிதும் உதவியது.

முக்கிய இடங்கள்

கடலோரப் பகுதி

பயணங்கள் பெரும்பாலும் கோட்டு, கொலோலி ஆகிய கடற்கரை ஊர்களில் தொடங்குகின்றன. கோட்டு ஓடையின் மீதுள்ள பாலம் பறவை நோக்கர்களிடையே புகழ்பெற்றது. ஓடை வற்றும்போது வெளிப்படும் சேற்றில் கரைப்பறவைகளும், மின்கம்பிகளில் மீன்கொத்திகளும் பனங்காடைகளும் காணப்படும். வழிகாட்டிகள் பயணிகளைச் சந்திக்கும் இடமும் இப்பாலமே. கொலோலியில் உள்ள பெரிய விடுதியொன்றின் தோட்டத்தில் நாள்தோறும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு இறைச்சி வைக்கப்படுகின்றது. இதனைக் காணப் பயணிகள் திரள்வது வழக்கம்.

அபுக்கோ இயற்கைக் காப்பகம்

இதன் பரப்பளவு சுமார் 106 எக்டேர் மட்டுமே. ஆற்றங்கரைக் காடும் முதலைகள் வாழும் குளமும் இதன் சிறப்புகள். ஊதாத் துராக்கோ, பச்சைத் துராக்கோ என்னும் இரு அழகிய பறவைகளை இங்கு காணலாம். துராக்கோக்களின் இறக்கையிலுள்ள சிவப்பு, செம்பு கலந்த துராசின் என்னும் நிறமியால் உண்டாவது ஆகும்.

தஞ்சி பறவைக் காப்பகம்

1993இல் நிறுவப்பட்ட இக்காப்பகத்தின் பரப்பளவு 612 எக்டேர். கடற்கரை, உப்பங்கழி, அலையாத்திக் காடு, புதர்நிலம் ஆகியவற்றுடன் கரைக்கு அப்பாலுள்ள பிஜோல் தீவுகளும் இதில் அடங்கும். அத்தீவுகளில் ஆலாக்களும் சாம்பல்தலைக் கடற்காகங்களும் கூட்டமாக முட்டையிடுகின்றன. அருகிலுள்ள தஞ்சி மீன்பிடித் துறையில் மீன் கழிவுகளைத் தேடி ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் கூடுகின்றன.

கார்ட்டோங்

நாட்டின் தென்மேற்கு மூலையில் உள்ள ஊர். கட்டடப் பணிகளுக்காக இங்கு மணல் தோண்டப்பட்ட குழிகளில் நீர் தேங்கி, காலப்போக்கில் கோரைப்புல் நிறைந்த நன்னீர் நிலைகளாயின. இன்று அவை நாட்டின் சிறந்த பறவையிடங்களுள் ஒன்றாக உள்ளன. இங்குள்ள பறவை ஆய்வகம் பறவைகளுக்கு வளையமிட்டு அவற்றின் வலசையை ஆராய்கின்றது.

டெண்டாபாவும் பாவோ பொலோங்கும்

கடலோரத்திலிருந்து உள்நாடு செல்லும் பயணிகள் முதலில் தங்குவது பொதுவாகத் தென்கரையிலுள்ள டெண்டாபா என்னும் சிற்றூரில் ஆகும். இதனை அடுத்து 1987இல் அமைக்கப்பட்ட கியாங் மேற்குத் தேசியப் பூங்கா உள்ளது. இதன் பரப்பளவு சுமார் 115 சதுர கிமீ. எதிர்க்கரையில் உள்ள பாவோ பொலோங் ஈரநிலக் காப்பகம் 1996இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சேர்க்கப்பட்டது. காம்பியாவின் முதல் ராம்சார் தளம் இதுவே. மண்டிங்கா மொழியில் பொலோங் என்பது ஆற்றின் கிளை ஓடையைக் குறிக்கும்.

விடியற்காலையில் சிறு படகில் இந்த ஓடைகளுக்குள் செல்வது பயணத்தின் முக்கிய நிகழ்வு ஆகும். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் வேளையில் அலையாத்தி வேர்களுக்கிடையே உள்ள சேறு வெளிப்படுவதால், படகின் நேரம் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தே முடிவு செய்யப்படுகின்றது. உலகின் மிகப் பெரிய நாரையினமான கோலியாத்து நாரை, நீலமார்பு மீன்கொத்தி, எளிதில் கண்ணில் படாத துடுப்புக்கால் பறவை, வெண்கொண்டைப் புலிக் குருகு ஆகியவற்றை இங்கு எதிர்பார்க்கலாம்.

ஜஞ்சன்புரே, குந்தாவூர், வாசு

ஜஞ்சன்புரே ஆற்றின் நடுவே அமைந்த தீவு நகரம் ஆகும். முன்னர் இது ஜார்ஜ் டவுன் எனப்பட்டது. இப்பகுதியில் நீர் பெரும்பாலும் நன்னீராக இருப்பதால் கரையோரக் காடு அடர்ந்துள்ளது. நெல்வயல்களில் நாரைகள், குருகுகள், ஆப்பிரிக்கக் குள்ளத்தாராக்கள் முதலியன உண்டு. குந்தாவூருக்கு அருகே 1978இல் அமைக்கப்பட்ட காம்பியா ஆற்றுத் தேசியப் பூங்காவின் தீவுகளில், மீட்கப்பட்ட சிம்பன்சிகள் 1979 முதல் வாழ்ந்து வருகின்றன. அத்தீவுகளில் இறங்க அனுமதி இல்லை. வாசுவில் உள்ள கல்வட்டங்கள் செனகாம்பியக் கல்வட்டங்களின் பகுதியாக 2006இல் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. பறவை நோக்கர்கள் இவற்றையும் கண்டு செல்கின்றனர்.

பன்சாங், பாசே

பன்சாங்கிற்கு அருகிலுள்ள கைவிடப்பட்ட மண்குழியின் செங்குத்துச் சுவரில் செங்கழுத்துப் பஞ்சுருட்டான்கள் கூட்டமாக வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன. நாட்டின் கிழக்கே உள்ள பாசே நகரம் எகிப்திய உப்புக்கொத்தியைக் காண்பதற்குப் பெயர்பெற்றது. மழை ஓய்ந்தபின் ஆற்றங்கரையில் தோன்றும் இப்பறவை, சனவரிக்குப் பின்னர் பொதுவாக இங்கிருந்து அகன்றுவிடும். இது தன் முட்டைகளை மணலில் புதைத்து, வெப்பம் மிகும்போது வயிற்று இறகுகளை நனைத்து வந்து அவற்றைக் குளிர்விக்கின்றது. முதலையின் பற்களைத் தூய்மை செய்யும் பறவை என்னும் பழங்கதை இதைப் பற்றி வழங்குகின்றது. எனினும் அதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

பயண முறை

வழக்கமான பயணம் இரண்டு வாரங்கள் நீடிக்கும். முதல் சில நாட்கள் கடலோரத்திலும், அடுத்த ஐந்து அல்லது ஆறு நாட்கள் ஆற்றின் மேற்பகுதியிலும், இறுதி நாட்கள் மீண்டும் கடலோரத்திலும் கழியும். தென்கரைச் சாலை வழியாகச் சென்று வடகரைச் சாலை வழியாகத் திரும்புவது வழக்கம். முன்னர் ஆற்றைக் கடக்கப் படகுத்துறைகளில் பல மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. ஃபராஃபென்னிக்கு அருகே 942 மீட்டர் நீளமுள்ள செனகாம்பியாப் பாலம் 2019 சனவரியில் திறக்கப்பட்ட பின்னர் இப்பயணம் எளிதானது.

பிரித்தானியாவிலிருந்து ஏறத்தாழ ஆறு மணி நேர வானூர்திப் பயணம், ஆங்கிலம் ஆட்சி மொழியாக இருத்தல், குளிர்காலத்தில் நேர வேறுபாடு இன்மை ஆகியவை ஐரோப்பியப் பயணிகளை ஈர்க்கும் பிற காரணங்கள் ஆகும். மலேரியா இங்கு ஆண்டு முழுவதும் காணப்படுவதால் பயணிகள் தடுப்பு மருந்து உட்கொள்வது அவசியம்.

தமிழக வாசகர்கள் அறிந்த சில பறவைகளும் காம்பியாவில் உள்ளன. நீரின் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று பாயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியும், செந்நிற வளையம் கொண்ட பச்சைக்கிளியும் இரு நிலங்களிலும் வாழ்கின்றன.

வழிகாட்டிகள்

காம்பியாவின் பறவை நோக்கல் சுற்றுலாவில் உள்ளூர் வழிகாட்டிகளின் பங்கு பெரிது. முறையான கல்வி நிறுவனங்களில் பயிலாத பலரும் மூத்த வழிகாட்டிகளுடன் நடந்தே பறவைகளின் குரல்களையும் இருப்பிடங்களையும் கற்றுக்கொண்டவர்கள். பகலில் மரப்பொந்தில் உறங்கும் ஆந்தையையோ, சருகுகளிடையே அசையாது கிடக்கும் பக்கியையோ பயணி ஒருவர் தாமாகக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அவை எந்த மரத்தில், எந்தப் புதரடியில் தங்குகின்றன என்பதை அன்றாடம் கவனித்து வைத்திருப்பது வழிகாட்டியின் தொழிலறிவு ஆகும்.

சில ஊர்கள் தமது பொதுக்காடுகளைப் பறவைகளுக்காகவே ஒதுக்கியுள்ளன. புரூஃபுட் காடும் பராசூட்டோ சமூகக் காப்பகமும் இத்தகையவை. அங்கு சிறு நுழைவுக் கட்டணம் பெறப்படுகின்றது. பறவைகள் நீர் அருந்தத் தொட்டிகளும், பார்வையாளர் அமர இருக்கைகளும் அமைக்கப்பட்டுள்ளன. மரத்தை வெட்டி விறகாக்கினால் ஒருமுறை மட்டுமே பணம் கிடைக்கும், அதே மரத்தில் ஆந்தை இருந்தால் ஒவ்வொரு பருவமும் வருவாய் உண்டு என்பதே இவ்வேற்பாட்டின் அடிப்படை.

பொருளாதார நிலையின்மை

இவ்வருவாய் நிலையற்றது. பருவம் ஐந்து மாதங்களே நீடிக்கின்றது. பயணிகளில் பெரும்பாலோர் கடலோரத்திலேயே தங்குவதால் உள்நாட்டு ஊர்களுக்குச் சிறு பங்கே சென்றடைகின்றது. மேலும், வழிகாட்டிகளின் கட்டுப்பாட்டில் இல்லாத நிகழ்வுகள் பலமுறை இத்தொழிலை முடக்கியுள்ளன.

* 1994: ஜூலையில் நிகழ்ந்த இராணுவப் புரட்சியைத் தொடர்ந்து, பிரித்தானிய அரசு நவம்பரில் தன் குடிமக்களுக்குப் பயண எச்சரிக்கை விடுத்தது. அப்பருவத்தில் பல விடுதிகள் வெறிச்சோடின.
* 2014: மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா நோய் பரவியது. காம்பியாவில் ஒருவருக்கும் அந்நோய் ஏற்படவில்லை. இருப்பினும் முன்பதிவுகள் பெருமளவு குறைந்தன.
* 2017: தேர்தலில் தோற்ற யாகியா ஜம்மே பதவி விலக மறுத்தார். சனவரியில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதால், பருவத்தின் நடுவே ஆயிரக்கணக்கான பயணிகள் திருப்பி அழைக்கப்பட்டனர்.
* 2019: பெருமளவு பயணிகளைக் கொண்டுவந்த பிரித்தானியச் சுற்றுலா நிறுவனமான தாமஸ் குக் செப்டம்பரில் நொடித்தது.
* 2020: கோவிட்-19 பெருந்தொற்றால் வானூர்திச் சேவைகள் நின்றன.

இத்தகைய காலங்களில் வழிகாட்டிகள் வேளாண்மை, மீன்பிடி போன்ற பிற தொழில்களை நாட நேர்கின்றது. கட்டணம் வராத பருவங்களில் சமூகக் காடுகளைக் காவல் காப்பதும் கடினமாகின்றது.

பாதுகாப்புச் சிக்கல்கள்

அலையாத்திக் காடுகள்

பஞ்சுலை ஒட்டிய தன்பி ஈரநிலம் 2007இல் ராம்சார் தளமானது. இங்கு அலையாத்தி வேர்களில் ஒட்டி வளரும் சிப்பிகளைப் பெண்கள் சேகரித்து விற்கின்றனர். வேரை வெட்டாமல் சிப்பியை மட்டும் பிரித்தெடுத்தல், ஆண்டின் ஒரு பகுதியில் அறுவடையை நிறுத்தி வைத்தல், மரக்கன்று நடுதல் ஆகிய விதிகளை அவர்களது சங்கம் கடைப்பிடித்து வருகின்றது. 2012இல் இவ்வீரநிலத்தின் சிப்பி, மட்டி அறுவடையை மேலாளும் உரிமை அச்சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களின் வாழ்வாதாரமும் நாரைகளின் இருப்பிடமும் ஒரே மரங்களைச் சார்ந்துள்ளன.

தொழிற்சாலைக் கழிவு

குஞ்சூர் ஊரினர் தமது கடலோரக் காயலைப் பொலோங் பென்யோ என்னும் சமூகக் காட்டுயிர்க் காப்பகமாக 2008இல் அமைத்தனர். அருகில் மீன்தூள் தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பட்ட பின்னர், 2017 மே மாதம் இக்காயலின் நீர் சிவப்பாக மாறி மீன்கள் இறந்தன. நாட்டின் சுற்றுச்சூழல் முகமை வழக்குத் தொடுத்தது. வழக்கு 25,000 அமெரிக்க டாலர் செலுத்தும் உடன்பாட்டுடன் நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொள்ளப்பட்டது. இம்முடிவை ஊரினர் பலர் ஏற்கவில்லை. இவ்வகை ஆலைகள் உள்ளூர் மக்கள் உண்ணும் சிறு மீன்களை அரைத்து ஏற்றுமதி செய்வதும் கண்டனத்துக்கு உள்ளாகியுள்ளது.

முக்காட்டுப் பிணந்தின்னிக் கழுகு

ஆப்பிரிக்காவில் இவ்வினம் வேகமாகக் குறைந்து வருவதால், 2015இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. நஞ்சூட்டலும், மரபுச் சடங்குகளுக்காகக் கொல்லப்படுவதும் முக்கிய காரணங்கள். 2019 - 2020 காலத்தில் கினி-பிசாவு நாட்டில் 2,000க்கும் மேற்பட்ட கழுகுகள் நஞ்சூட்டப்பட்டு இறந்தன. காம்பியாவில் இவை இன்றும் சந்தைகள், இறைச்சிக் கூடங்கள், விடுதித் தோட்டங்கள் ஆகியவற்றில் மனிதர் அருகிலேயே அச்சமின்றித் திரிகின்றன. உலகளவில் அருகிவரும் ஓர் இனத்தை நகரத்தின் நடுவே நாள்தோறும் காண முடிவது இந்நாட்டின் தனிச்சிறப்பு ஆகும்.

ஆற்றின் நீரோட்டம்

செனிகல், கினி எல்லைக்கு அருகே திட்டமிடப்பட்ட சம்பங்காலு அணை, ஆற்றின் வெள்ளப்பெருக்கைக் கட்டுப்படுத்தும். உலர்காலத்தில் கூடுதல் நன்னீர் கிடைப்பதால் நெல் வேளாண்மைக்கு இது பயன்படலாம். ஆனால் வெள்ளம் குறைந்தால் சதுப்புகள், மணல்திட்டுகள், அலையாத்திக் காடுகள் ஆகியவற்றின் பரவல் மாறக்கூடும்.

பார்வையாளர் கவனிக்க வேண்டியவை

* பதிவு செய்யப்பட்ட வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுத்து, கட்டணத்தை முன்கூட்டியே பேசி முடிவு செய்தல்.
* ஆந்தைகளையும் பக்கிகளையும் அவை தங்குமிடத்தில் நெருங்கி எழுப்பாதிருத்தல். பதிவு செய்த குரலை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து பறவைகளை வரவழைக்காதிருத்தல்.
* பஞ்சுருட்டான் வளைகளின் மேல்விளிம்பில் நடக்காதிருத்தல். மண் சரிந்தால் வளைகள் மூடிவிடும்.
* சமூகக் காடுகளின் நுழைவுக் கட்டணத்தைத் தவறாது செலுத்துதல்.
* முடிந்தால் உள்நாட்டு ஊர்களில் ஓரிரு இரவுகளேனும் தங்குதல்.

இவற்றையும் பார்க்க

* காம்பியா
* காம்பியா ஆறு
* பறவை நோக்கல்
* அலையாத்திக் காடு
* ராம்சார் உடன்படிக்கை